கீபோர்டா, பியானோவா? குமரி எல்லையில் வாங்கிக் கற்கப் புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்தில் பிள்ளைக்குக் கீபோர்டு வாங்கிக் கொடுக்க நினைப்பவருக்கு ஒரு பக்கம் நாகர்கோவிலும் மறுபக்கம் திருவனந்தபுரமும் இருக்கின்றன. கடைகளுக்குக் குறைவில்லை. எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லித் தருபவர்கள்தான் அரிது. என் மகள் எட்டு வயதில் கற்கத் தொடங்கியபோது நாங்கள் வாங்கிய முதல் கருவியைப் பதினான்கு மாதங்களில் பாதி விலைக்கும் குறைவாகக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்க நேர்ந்தது. இசைத் தேர்வுக்குப் பொருந்தாத கருவிப் பிரிவில் பெயர் கொடுத்து ஒரு கட்டணத்தையும் இழந்தோம். அவளோடு சேர்ந்து நானும் கற்றேன். அந்த அலைச்சல் உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். விலைகள் நான் விசாரித்த காலத்தவை. நீங்கள் வாங்கும்போது மீண்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இடது கை என்ன செய்யப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கீபோர்டுக்கும் பியானோவுக்கும் கட்டைவரிசை ஒன்றுதான். ஆனால் கற்பவரின் கைகளுக்கு அவை இரண்டு வேறு கருவிகள். கீபோர்டில் வலது கை மெட்டை வாசிக்கும். இடது கை மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டைப் பிடித்திருக்கும். அந்தக் கார்டை வைத்துக்கொண்டு தாளம், பேஸ், துணையிசை அனைத்தையும் கருவியில் உள்ள ‘ஸ்டைல்’ உருவாக்கிக் கொடுக்கும். பியானோவில் அப்படிப்பட்ட துணை எதுவும் கிடையாது. இடது கையும் வலது கையைப் போலவே தனக்கென ஒரு வரியை வாசிக்க வேண்டும். ஓசை ஓங்குவதும் மெலிவதும் விரல் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. வலது கால் பெடலில் இருக்கும்.

தேவாலயச் சபையில் பாடகர் குழுவுக்கு வாசிக்க வேண்டும், மெல்லிசைக் குழுவில் சேர வேண்டும், பள்ளி ஆண்டு விழாவில் பாட்டுக்குத் துணை வாசிக்க வேண்டும் என்பதே நோக்கமானால் கீபோர்டே பொருத்தம். மேற்கத்தியச் செவ்வியல் இசை, பியானோ கிரேடு (படிநிலை) தேர்வுகள், பின்னாளில் இசையமைப்பு என்று எண்ணம் போனால் பியானோவின் வழியில் தொடங்குங்கள். பியானோ கற்றவர் சில வாரங்களில் கீபோர்டுக்கு மாறிக்கொள்கிறார். கீபோர்டு மட்டும் வாசித்துப் பழகியவருக்குப் பியானோவில் இடது கையை மீண்டும் முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கிறது. என் மகளுக்கு இதற்கு ஏழு மாதங்கள் ஆயின. ஆகவே முடிவுக்கு வர முடியாதவர்கள், கையில் பணம் இருந்தால், பியானோவின் பக்கம் சாய்வதே நல்லது என்பது என் கருத்து.

இந்த முடிவை எடுக்காமல் கடைக்குப் போகாதீர்கள். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி ‘பட்ஜெட் எவ்வளவு’ என்பதாகவே இருக்கும். அதற்கு நாம் சொல்லும் தொகைதான் பிள்ளை எந்தக் கருவியைக் கற்க வேண்டும் என்பதை முடிவு செய்துவிடுகிறது.

2. கட்டைகளின் எண்ணிக்கையைவிடத் தொடு உணர்வைப் பாருங்கள்

முழு அளவுப் பியானோவில் 52 வெள்ளை, 36 கருப்பு என்று மொத்தம் 88 கட்டைகள். வீட்டுக் கீபோர்டுகளில் பெரும்பாலானவை ஐந்து ஸ்தாயி கொண்ட 61 கட்டைக் கருவிகள். 32 அல்லது 44 சிறிய கட்டைகள் கொண்டவை விளையாட்டுப் பொருள்களாகவே கொள்ளத்தக்கவை. அவற்றில் கட்டையின் அகலமே குறைவு என்பதால், விரல்கள் தவறான இடைவெளிக்குப் பழகிவிடும். பணம் மிச்சமாகிறது என்று அவற்றை வாங்காதீர்கள்.

61 கட்டைக் கருவிகளுக்குள்ளேயே ஒரு பெரும் பிரிவு உண்டு. ஒரு வகையில் கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே அளவு ஓசைதான் வரும். மற்ற வகையில் அழுத்தும் வேகத்துக்கேற்ப ஓசை மாறும். இதையே ‘டச் ரெஸ்பான்ஸ்’ அல்லது ‘டச் சென்சிடிவ்’ என்கிறார்கள். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும் இரண்டு தொடுமுனைகள் இருக்கும். முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கருவி அளந்து, நேரம் குறைந்தால் ஓசையைக் கூட்டுகிறது. இந்த வசதி இல்லாத கருவியில் ஒரு குழந்தை ஓராண்டு வாசித்தால், மெல்ல வாசிப்பது, அழுத்தி வாசிப்பது என்ற வேறுபாடே அதன் கைக்குத் தெரியாமல் போகிறது. நாங்கள் முதலில் வாங்கியது இப்படிப்பட்ட கருவிதான். பெட்டியின்மேல் 61 கட்டைகள் என்றும் சில நூறு ஓசைகள் (வெவ்வேறு இசைக்கருவிகளின் ஒலிகள்) என்றும் பெரிய எழுத்தில் இருந்தன. டச் ரெஸ்பான்ஸ் இல்லை என்பதைப் பெட்டியில் யாரும் அச்சிட்டு வைப்பதில்லை.

மாதிரி எண்களைக் கவனமாகப் படியுங்கள். யமஹாவில் பி.எஸ்.ஆர். இ273 மாதிரிக்கு இந்த வசதி இல்லை, இ373 மாதிரிக்கு உண்டு. கேஸியோவில் சி.டி. எஸ்200 மாதிரிக்கு இல்லை, எஸ்300 மாதிரிக்கு உண்டு. ஓர் இலக்கத்தில்தான் வேறுபாடு. தோற்றத்திலும் பெரிய வேறுபாடு தெரியாது. விலையில் சில ஆயிரங்கள் கூடும். அந்தச் சில ஆயிரங்களை மிச்சப்படுத்தியதுதான் எங்களுக்கு இரட்டைச் செலவாயிற்று.

பியானோவைத் தேர்ந்தெடுப்பவர்கள் 88 கட்டைகளோடு ‘வெயிட்டட்’ அல்லது ‘ஹேமர் ஆக்ஷன்’ என்று குறிப்பிடப்பட்ட டிஜிட்டல் பியானோவைக் கேளுங்கள். உண்மையான பியானோவில் கட்டையை அழுத்தும்போது உள்ளே ஒரு சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்டும். அந்தப் பளுவை இக்கருவிகள் விரலுக்கு உணர்த்துகின்றன. யமஹா பி45, அதற்குப்பின் வந்த பி145, கேஸியோ சி.டி.பி. எஸ்110, ரோலண்ட் எஃப்.பி. 10 ஆகியவை தொடக்க நிலையில் இருப்பவை. ஓசைகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பி45 கருவியில் இருப்பவை பத்தே ஓசைகள். அதன் விலையோ நூற்றுக்கணக்கான ஓசைகள் கொண்ட கீபோர்டைவிட இரு மடங்குக்கும் மேல். நீங்கள் கொடுக்கும் பணம் கட்டைகளின் தரத்துக்குப் போகிறது. 76 கட்டைக் கருவிகளும் கிடைக்கும். பளுவுள்ள கட்டை இல்லையென்றால் தொடக்கக்காரருக்கு அவற்றால் தனிப் பயன் இல்லை.

3. முதல் ஆண்டின் மொத்தச் செலவை எழுதிப் பாருங்கள்

கருவியின் விலை பாதிக் கணக்குத்தான். டச் ரெஸ்பான்ஸ் உள்ள 61 கட்டைக் கீபோர்டு சுமார் 12,000 முதல் 20,000 ரூபாய் வரையிலும், 88 கட்டை டிஜிட்டல் பியானோ சுமார் 40,000 முதல் 60,000 ரூபாய் வரையிலும் நான் விசாரித்த கடைகளில் இருந்தன. இரண்டாம் முறை நாங்கள் செலவழித்ததை அப்படியே தருகிறேன்: 61 கட்டைக் கருவி 15,000, இரட்டைக் குழாய் ஸ்டாண்டு 2,000, சஸ்டெயின் பெடல் (விரலை எடுத்த பின்னும் ஓசையை நீட்டும் கால்மிதி) 1,500, உயரம் மாற்றக்கூடிய ஸ்டூல் 2,000, ஹெட்போன் 1,000, உறை 500, புத்தகங்கள் 1,500, ஆசிரியருக்கு மாதம் 1,000 வீதம் ஆண்டுக்கு 12,000. ஆக 35,500 ரூபாய். தேர்வுக் கட்டணம் இதில் சேரவில்லை. தொடக்க நிலைக்கே அது பல ஆயிரம் ரூபாய் ஆகும், ஒவ்வொரு கிரேடுக்கும் கூடிக்கொண்டே போகும்.

கருவிக்குக் கையில் இருப்பதையெல்லாம் கொடுத்துவிட்டு ஸ்டூலையும் ஸ்டாண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். தரையில் சம்மணமிட்டு வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு மணிக்கட்டு வளைவது பழக்கமாகிவிடும். அதை மாற்ற ஆசிரியருக்குப் பல வாரங்கள் வேண்டும்.

4. எல்லைக்கு எந்தப் பக்கம் வாங்குவது?

கேரளத்தில் விலை குறைவு என்று நம் ஊரில் பலர் சொல்வார்கள். ஜி.எஸ்.டி. விகிதம் இரு மாநிலத்திலும் ஒன்றே. வரியால் எந்த லாபமும் இல்லை. வேறுபாடு வருவது தள்ளுபடிக் காலத்தால்தான். எல்லைக்கு அப்பால் ஓணத்தையொட்டியும், இப்பால் தீபாவளியையொட்டியும் விலை இறங்கும். அவசரமில்லாதவர்கள் ஆவணியில் ஒரு முறை திருவனந்தபுரத்தில் விலை கேட்டு எழுதிக்கொண்டு, அதை வைத்து நாகர்கோவிலில் பேசிப் பாருங்கள். ஸ்டாண்டு, பை, உறை சேர்த்து ஒரே விலை என்றால், ஸ்டாண்டு ஒற்றைக் குழாயா இரட்டைக் குழாயா என்று திறந்து பாருங்கள். ஒற்றைக் குழாய் ஸ்டாண்டில் கருவி ஆடும்.

என் கணக்கில், விலையில் ஐந்நூறு ரூபாய் வேறுபாடு இருந்தாலும், பழுது வந்தால் எடுத்துச் செல்லக்கூடிய இடத்தில் வாங்குவதே நல்லது. 61 கட்டைக் கருவி ஐந்து கிலோவுக்குள்தான் இருக்கும், நீளம் ஒரு மீட்டருக்குள் அடங்கும். குழித்துறை ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் கொண்டு வந்துவிடலாம். பி45 போன்ற கருவி பதினொன்றரைக் கிலோ, ஒன்றே கால் மீட்டருக்கும் அதிக நீளம். பெட்டியோடு இன்னும் கூடும். அதைக் கூட்டமான பேருந்தில் ஏற்ற முயலாமல் கடையிலேயே வீட்டுக்கு அனுப்பும் செலவைக் கேட்டுப் பேசுங்கள்.

வளைகுடாவில் இருக்கும் உறவினர் ஒருவர் கொண்டுவந்து தருவதாகச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். அன்போடு தருவதை மறுக்க மனம் வராது. ஆனாலும் முன்கூட்டியே மூன்று செய்திகளைச் சொல்லிவிடுங்கள். அங்கு வாங்கியதன் வாரண்டி இங்கே செல்லுமா என்று அங்குள்ள கடையில் கேட்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் செல்லாது. அடாப்டரின் பிளக் சதுர முனைகளோடு வரும் என்பதால் இங்கே ஒரு பிளக் மாற்றி வேண்டும். அங்குள்ள கடைகளில் அரபு இசைக்காகவே வடிவமைத்த மாதிரிகளும் இருக்கும், யமஹாவின் பி.எஸ்.ஆர். ஏ வரிசை அப்படிப்பட்டது. அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட கால் சுரங்களை வாசிப்பதற்கான வசதியும் அரபுத் தாளங்களும் அதில் நிறைய உண்டு. கெட்ட கருவியல்ல, நம் பிள்ளைக்கு அதற்கான கூடுதல் விலை தேவையில்லை. ஆகவே மாதிரியின் முழுப் பெயரை எழுதி அனுப்புங்கள். ‘நல்ல கீபோர்டு ஒன்று’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.

பழைய கருவி வாங்குவதானால் அடுத்த படியில் உள்ள சோதனைகளை ஒன்று விடாமல் செய்யுங்கள். சபைகளிலும் மேடைகளிலும் வாசிக்கப்பட்ட கருவிகள் நம் பகுதியில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் நடுப்பகுதிக் கட்டைகள் அதிகம் தேய்ந்திருக்கும்.

5. கடையில் அரை மணி நேரம் செலவிடுங்கள்

கருவியைக் காட்டுபவர் டெமோ பாட்டை ஓடவிடுவார். அது பதிவு செய்யப்பட்ட வாசிப்பு. கட்டைகளைப் பற்றி எதுவும் சொல்லாது. அதை நிறுத்தச் சொல்லி, ஸ்டைலை அணைத்து, பியானோ ஓசையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

ஒரு கட்டையை மிக மெல்ல அழுத்துங்கள், பிறகு வேகமாக. ஓசை மாறவில்லையென்றால் டச் அமைப்பு அணைக்கப்பட்டிருக்கிறதா, அந்த வசதியே இல்லையா என்று கேளுங்கள். ‘இதெல்லாம் வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும்’ என்ற பதில் எங்களுக்குக் கிடைத்தது. வசதி இல்லாத கருவியில் எத்தனை ஆண்டு வாசித்தாலும் அது வராது.

இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை ஒவ்வொரு கட்டையையும், கருப்புக் கட்டைகளையும் விடாமல், ஒரே அளவு அழுத்தத்தில் வாசியுங்கள். ஏதேனும் ஒன்று மட்டும் அலறினாலோ, அமுங்கினாலோ, ஒலிக்காமல் போனாலோ அதன் அடியிலுள்ள தொடுமுனையில் பழுது என்று பொருள். பெட்டி பிரிக்காத கருவியைத் தருவதாகச் சொன்னால், அதைப் பிரித்து இதே சோதனையை அதிலும் செய்யுங்கள். காட்சிக்கு வைத்த கருவியில் செய்த சோதனை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் கருவிக்குப் பொருந்தாது.

ஓசையை முழுவதும் குறைத்துவிட்டு வாசித்துக் கட்டைகளின் தட்டொலியைக் கேளுங்கள். பிள்ளை இரவில் ஹெட்போனோடு வாசிக்கும்போது வீட்டில் உள்ளவர்களுக்குக் கேட்கப்போவது அந்த ஒலிதான்.

சஸ்டெயின் பெடலைச் செருகிய பிறகு, கால் வைக்காமல் கருவியை இயக்குங்கள். கருவி இயங்கத் தொடங்கும் கணத்தில் பெடலை மிதித்திருந்தால் பல கருவிகளில் அது தலைகீழாக வேலை செய்யும். பெடல் கெட்டுவிட்டது என்று எண்ணித் திருப்பிக் கொடுத்தவர்களை நான் அறிவேன். ஹெட்போன் துளையையும் பாருங்கள். சில கருவிகளில் அது 6.35 மில்லிமீட்டர், சிலவற்றில் கைப்பேசியில் உள்ளதுபோல 3.5 மில்லிமீட்டர். பெரிய துளை என்றால் ஒரு மாற்றி முனை வேண்டும். சிறு தொகைதான், அங்கேயே வாங்கிவிடுங்கள்.

ஆசிரியரை முன்பே பேசி வைத்திருந்தால் அவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவரால் வர முடியாவிட்டால் மாதிரி எண்ணை அனுப்பி ஒரு சொல் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். நாங்கள் கருவியை வாங்கிய பின்னரே ஆசிரியரைத் தேடினோம். முதல் வகுப்பிலேயே அவர் கருவியைப் பார்த்துவிட்டு அமைதியாக இருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

6. பில்லும் வாரண்டியும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜி.எஸ்.டி. பில்லில் மாதிரியின் முழுப் பெயரும், கருவியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தொடர் எண்ணும் இருக்க வேண்டும். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் வாங்கிய தேதியும் வேண்டும். அடாப்டருக்கும் பெடலுக்கும் வாரண்டி உண்டா, எவ்வளவு காலம் என்று தனியாகக் கேளுங்கள். நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ அந்த நிறுவனத்தின் சர்வீஸ் எங்கே நடக்கிறது என்று கேட்டு முகவரியை அட்டையின் பின்புறமே எழுதி வாங்குங்கள். எங்கள் முதல் கருவியின் அட்டையில் முத்திரை இல்லாததால், எட்டாம் மாதம் இரண்டு கட்டைகள் ஒலிக்காமல் போனபோது செலவு எங்கள் தலையில் விழுந்தது. பில்லின் மை சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

7. வீட்டில் வைக்கும் இடம்

சாப்பாட்டு மேசை பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரம். அதன்மேல் கருவியை வைத்தால் கட்டைகள் இன்னும் ஏறிவிடும்; பிள்ளை தோளைத் தூக்கி வாசிக்கும். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து கையைக் கட்டைமேல் வைக்கும்போது முழங்கையும் கட்டையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முதலில் ஸ்டாண்டையும் பிறகு ஸ்டூலையும் இதற்கேற்பச் சரிசெய்யுங்கள். பிள்ளையின் கால் தரையில் எட்டாவிட்டால் ஒரு சிறு பலகை வையுங்கள்.

அடாப்டர் பழுதானால் கையில் கிடைத்ததைச் செருகாதீர்கள். சில கருவிகளுக்கு 12 வோல்ட், சிலவற்றுக்கு 9 அல்லது 9.5 வோல்ட். வோல்ட் ஒன்றாக இருந்தாலும் முனையின் நடுப்பகுதி பிளஸ் ஆகவோ மைனஸ் ஆகவோ இருக்கும். பழைய கேஸியோ கருவிகள் பலவற்றில் நடுமுனை மைனஸ், யமஹாவில் பிளஸ். கருவியின் பின்புறமும் அடாப்டரின்மேலும் வட்டமும் கோடும் சேர்ந்த சிறு படம் இருக்கும்; இரண்டும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆம்பியர் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

நம் மாவட்டத்துக்கு ஆனி, ஆடி மழையும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். கட்டைகளுக்கு அடியில் உள்ள தொடுமுனைகளுக்கு ஈரமும் தூசியும்தான் முதல் எதிரி. சன்னலோரம் வைக்காதீர்கள். காற்று புகாத பிளாஸ்டிக் உறையால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். தூசி மட்டும் படாதபடி பருத்தித் துணியால் மூடுங்கள். பைக்குள் வைப்பதானால் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றைப் போட்டு, மாதம் ஒரு முறை மாற்றுங்கள். கருவியின் அருகே தின்பண்டம் வேண்டவே வேண்டாம். சிற்றெறும்பு உள்ளே புகுந்தால் முழுவதும் பிரித்தாக வேண்டும். இடி மின்னல் தொடங்கும்போது சுவிட்சை அணைப்பது போதாது, அடாப்டரைப் பிளக்கிலிருந்து உருவிவிடுங்கள்.

நாள்தோறும் எடுத்து மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைக்கும் வீடுகளில் பயிற்சி விரைவில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மீட்டர் சுவர் கிடைத்தால் அங்கே நிலையாக நிறுத்திவிடுங்கள்.

8. ஆசிரியரைத் தேடும்போது கேட்க வேண்டியவை

நம் பகுதியில் நன்றாக வாசிப்பவர்கள் ஏராளம். அவர்களில் பலரும் சபைகளில் வாசித்து வளர்ந்தவர்கள். நன்றாக வாசிப்பவர் எல்லாரும் நோட்டேஷன் (எழுதப்பட்ட இசைக்குறிப்பு) படிக்கச் சொல்லித் தருபவர் அல்லர். பிள்ளைக்குத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், ஐந்து கோட்டு ஸ்டாஃப் நோட்டேஷனை முதல் மாதத்திலிருந்தே கற்பிப்பாரா என்று நேரடியாகக் கேளுங்கள். இதுவரை எந்தக் கிரேடுக்கு மாணவர்களை அனுப்பியிருக்கிறார், அது கீபோர்டுப் பிரிவா பியானோப் பிரிவா என்றும் கேளுங்கள்.

கருவியின் சுருதியை மாற்றும் ‘டிரான்ஸ்போஸ்’ பொத்தானைப் பற்றிய அவருடைய கருத்து ஒரு நல்ல அடையாளம். எந்தப் பாட்டையும் வெள்ளைக் கட்டைகளே போதுமான சி மேஜரில் மட்டுமே வாசித்துக்கொண்டு, பாடுபவரின் சுருதிக்கேற்ப அந்தப் பொத்தானை மாற்றிக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அவசரத்துக்கு அது உதவும். பழக்கமாகிவிட்டால், கருப்புக் கட்டைகளைக் கண்டாலே கை தயங்கும். பொத்தான் இல்லாத பியானோவின் முன் அந்த மாணவர் செயலற்று நிற்பார். முதல் ஆண்டில் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது என்று சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

கட்டணத்தை மாதந்தோறும் கொடுங்கள். கோடை விடுமுறையில் ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாக வாங்கும் வகுப்புகளில், பள்ளி திறந்ததும் நேரம் ஒத்துவராமல் பணத்தை விட்டவர்கள் உண்டு. சபையில் வாசிக்கும் ஆசிரியர்கள் ஞாயிறு காலையிலும், டிசம்பரில் கேரல் தொடங்கிய பிறகும் வகுப்பு எடுக்க முடியாது. தேர்வுக்குத் தயாராகும் மாதங்களைக் கணக்கிடும்போது டிசம்பரைக் கழித்துவிடுங்கள்.

எல்லைக்கு அப்பால் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஆசிரியர் கிடைத்தால் மொழி பெரிய தடை ஆகாது. சென்று திரும்பும் நேரம்தான் தடை. வாரம் ஒரு நாள் என்றால் தாங்கும், மூன்று நாள் என்றால் பிள்ளை சோர்ந்துவிடும்.

9. முதல் மூன்று மாதங்கள்

நடு சி எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே காட்டுங்கள். இரண்டு கருப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்துக்கு இடப்பக்கம் ஒட்டியுள்ள வெள்ளைக் கட்டை சி. சாதாரண 61 கட்டைக் கருவியில் இடமிருந்து மூன்றாவது சி, 88 கட்டைக் கருவியில் நான்காவது சி, நடு சி ஆகும். கருவி மாறும்போது பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுவே.

விரல்களுக்குப் பெருவிரல் 1 தொடங்கிச் சுண்டுவிரல் 5 வரை எண். சி மேஜர் ஸ்கேலை வலது கையில் 1, 2, 3 என்று ஏறி, பெருவிரலை உள்ளே நுழைத்து 1, 2, 3, 4, 5 என்று முடிக்க வேண்டும். இடது கையில் 5, 4, 3, 2, 1 என்று ஏறி, நடுவிரலை மேலே கொண்டுவந்து 3, 2, 1. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இது சங்கராபரணத்தின் ஆரோகணம். விரல் எண்களை விருப்பம்போல் மாற்றவிடாதீர்கள். மெதுவாக வாசிக்கும்போது எந்த விரலாலும் வாசிக்கலாம் என்று தோன்றும், வேகம் கூடும்போது கை சிக்கிக்கொள்ளும்.

இங்கே நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு குழப்பம் உண்டு. சபையில் டானிக் சோல்ஃபாவில் டோ, ரே, மி என்று கற்றிருப்பார்கள். பாட்டு வகுப்பில் ச, ரி, க என்று கற்றிருப்பார்கள். டோவும் சட்ஜமும் சுருதிக்கேற்ப நகர்பவை. சி, டி, இ என்ற பெயர்கள் நகராதவை. ஒரு கட்டைச் சுருதி என்றால் சட்ஜம் சியில் இருக்கிறது. ஒன்றரைக் கட்டை என்றால் அடுத்த கருப்புக் கட்டைக்குப் போய்விடுகிறது. நான்கு கட்டை என்றால் எஃப், ஐந்து கட்டை என்றால் ஜி. ‘சி என்றால் ச’ என்று முதல் வாரத்தில் எளிதாகச் சொல்லிக் கொடுத்தால் ஆறாம் மாதத்தில் அதை மறக்கடிக்க வேண்டிவரும். கட்டைகளின்மேல் ஒட்டும் எழுத்து ஸ்டிக்கர்களையும் இரண்டு மூன்று வாரங்களில் எடுத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை பிள்ளையின் கண் தாளுக்குப் போகாது.

நாள்தோறும் இருபது நிமிடம் போதும். ஞாயிறன்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்ட முடியாது. முதலில் வலது கை, பிறகு இடது கை, பிறகு இரண்டும். கருவியிலேயே சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் இருக்கும். நிமிடத்துக்கு 60 என்று வைத்து, பிழையில்லாமல் மூன்று முறை வாசித்த பிறகே நான்கு நான்காகக் கூட்டுங்கள். சினிமாப் பாட்டு வாசிக்க ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். பாடத்தை முடித்த பின் அதற்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள். என் மகள் பயிற்சியை விடாமல் இருந்ததற்கு அந்த ஐந்து நிமிடமே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

10. தேர்வுக்குப் பதிவு செய்யும்போது

நம் பகுதியில் பெரும்பாலும் கேள்விப்படுவது டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வு, ஏ.பி.ஆர்.எஸ்.எம். தேர்வும் உண்டு. இரண்டும் பிரிட்டனைச் சேர்ந்த தேர்வு அமைப்புகள். டிரினிட்டியில் பியானோவும் எலக்ட்ரானிக் கீபோர்டும் தனித்தனிப் பாடத்திட்டங்கள். ஏ.பி.ஆர்.எஸ்.எம். அமைப்பில் பியானோ உண்டு. எலக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனித் தேர்வு இல்லை. வீட்டில் கீபோர்டில் பயிற்சி செய்த என் மகளுக்கு விண்ணப்பத்தில் பியானோ என்று குறிக்கப்பட்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று இடையில் இருந்தவர் சொன்னதை நம்பினோம். பளுவான கட்டைகள் கொண்ட பியானோவை ஒரு முறைகூடத் தொட்டிராத குழந்தையை அதன் முன் உட்காரவைக்க மனமில்லாமல் தேர்வையே விட்டுவிட்டோம், கட்டணம் திரும்பவில்லை.

விண்ணப்பத்தை நீங்களே ஒரு முறை படியுங்கள். கருவியின் பெயர், கிரேடு, எந்த ஆண்டுப் பாடத்திட்டம் என்ற மூன்றையும் பாருங்கள். பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இனிஷியல் முன்னால் வருவதும் பின்னால் வருவதும் விரிந்து அப்பாவின் முழுப்பெயராக வருவதும் நம் வீடுகளில் வழக்கம். விண்ணப்பத்தில் எழுதியபடியே சான்றிதழ் அச்சாகும். கடைசி நாள் தேர்வுக்குப் பல வாரங்கள் முன்பே முடிந்துவிடுவதால், கருவியை வாங்கிய ஆண்டிலேயே தேர்வு என்று திட்டமிடாதீர்கள். எங்கள் அனுபவத்தில் தொடக்க நிலைக்கே ஓராண்டு ஒழுங்கான பயிற்சி வேண்டியிருந்தது.

மதிப்பெண் முறையும் வேறு. டிரினிட்டியில் 100க்கு 60 தேர்ச்சி, 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். ஏ.பி.ஆர்.எஸ்.எம். அமைப்பில் 150க்கு 100, 120, 130. பின்னால் ஆறாம் கிரேடுக்கு மேல் போகும் எண்ணம் இருந்தால் இதையும் அறிந்துகொள்ளுங்கள்: ஏ.பி.ஆர்.எஸ்.எம். அமைப்பின் நேரில் வாசித்துக் காட்டும் தேர்வில் ஆறாம் கிரேடுக்குப் பதிவு செய்ய ஐந்தாம் கிரேடு தியரி (இசைக் கோட்பாடு) அல்லது அதற்கு இணையான ஒரு தேர்ச்சி வேண்டும். டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை.

தேர்வு அறைக்குப் பாடப் புத்தகத்தின் மூலப் பிரதியைத்தான் கொண்டுபோக வேண்டும்; ஜெராக்ஸ் தாள்களோடு போனால் சிக்கல். ஆகவே முதலில் சொன்ன செலவுக் கணக்கில் புத்தகத்தை விடாதீர்கள். தேர்வு மையத்தில் எந்தக் கருவி இருக்கும், நம் கருவியைக் கொண்டுபோகலாமா என்று ஒரு மாதம் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். அங்கே வேறு மாதிரிக் கருவி என்றால், அதே மாதிரி இருக்கும் ஒரு கடையிலோ நண்பர் வீட்டிலோ இரண்டு மூன்று முறை வாசித்துப் பழகட்டும். ஸ்டைல் எண்ணும் பொத்தான்களின் இடமும் கருவிக்குக் கருவி மாறும். தேர்வு நாளன்று நேரச் சீட்டு, அடையாள அட்டை, மூலப் புத்தகம், கருவியைக் கொண்டுபோவதானால் அதன் அடாப்டர், பெடல், ஒரு நீட்டிப்பு வயர் ஆகியவற்றை முந்தின இரவே ஒரே பையில் எடுத்து வையுங்கள். திருவனந்தபுரத்தில் காலை நேரத் தேர்வு என்றால் நெய்யாற்றின்கரைக்கும் பாலராமபுரத்துக்கும் இடையே சாலை நெரிசலாக இருக்கும்; பேருந்தைவிட ரயில் நம்பிக்கையானது.